பசித்திருக்கும் மைக்

காயலான் கடையிலிருந்து ஒருவர் பழைய டெலிபோன் ஒன்றை வாங்கி வருகிறார். கறுப்பு உடம்பு, விரலை விட்டுச் சுழற்றும் டயல், எடுத்தால் கை கனக்கும் ரிசீவர். பேசும் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு வில்லை இருக்கிறது, அதுதான் மைக். அதிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, நுனியில் புது பிளக் ஒன்றைப் பற்றவைத்து, வீட்டில் பாட்டுப் பதிய வைத்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகுகிறார். பேசிப் பார்க்கிறார். தட்டிப் பார்க்கிறார். கத்தியும் பார்க்கிறார். கணினித் திரையில் கோடு அசையவே இல்லை. செத்த மைக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வில்லையைக் குப்பையில் போடுகிறார்.

பெரும்பாலும் அந்த மைக் சாகவில்லை. பட்டினி கிடந்தது, அவ்வளவுதான்.

டெலிபோனுக்கு மட்டும் நேர்வதல்ல இது. வயர்லெஸ் செட்டிலிருந்து கழற்றிய, சுருள் ஒயர் தொங்கும் கை மைக். பழைய ஒலிபெருக்கி செட்டோடு வந்த மேசை மைக். எந்த ஊர் வானொலி ஆர்வலர் வீட்டிலிருந்தோ வந்து சேர்ந்த கனத்த இரும்பு மைக். தகவல் சொல்லப் பிறந்த இவற்றைப் பாட்டுப் பதியக் கொண்டுவரும்போது முதல் நாளே ஏமாற்றம்தான். ஒன்று சத்தமே வராது, அல்லது கொசு பாடுவதுபோல வரும், அல்லது குரலைவிட இரைச்சல் பெரிதாக வரும். உடனே இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறோம்: மைக் கெட்டுவிட்டது, அல்லது அந்தக் காலத்துச் சாமான் இவ்வளவுதான். இரண்டுமே அவசர முடிவுகள்.

மைக் என்றால் காது, ஒயர் என்றால் நரம்பு, செருகினால் கேட்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. எந்த மைக்கும் தனியாக முழுப்பொருள் அல்ல. ஓர் ஏற்பாட்டின் ஒரு பாதி. டெலிபோன் மைக்கின் மறுபாதி எக்ஸ்சேஞ்சில் இருந்தது. கை மைக்கின் மறுபாதி வயர்லெஸ் செட்டுக்குள் இருந்தது. காயலான் கடைக்கு வந்தது ஒரு பாதி மட்டும். அதை நம் வீட்டுக்குப் பழக்குவது என்றால், அங்கேயே விட்டுவந்த மறுபாதியைச் சின்ன அளவில் நாமே கட்டிக் கொடுப்பது. பிளக் மாற்றுவது அதில் கடைசி வேலை.

டெலிபோன் வில்லையையே எடுத்துக்கொள்வோம். உள்ளே கரித்துகள் நிரப்பிய சிறு கிண்ணம். அதன்மேல் மெல்லிய தகடு. பேசும்போது காற்று தகட்டை அழுத்துகிறது, தகடு கரியை அழுத்துகிறது. துகள்கள் நெருங்கினால் மின்தடை குறைகிறது, தளர்ந்தால் கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி, கரி வழியாக ஓடும் மின்சாரம் கூடிக் குறைகிறது. குரல் அப்படித்தான் ஒயரில் ஏறுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கரி மைக் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. மேலே தொட்டி காலியாக இருந்தால், எவ்வளவு திருகினாலும் என்ன வரும்?

தாமஸ் எடிசன் 1877இல் கரியை வைத்து இந்த வழியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற பாதிரியார் கரித்துகளைப் பயன்படுத்தும் மைக்குக்குக் காப்புரிமை பெற்றார். வால்வும் டிரான்சிஸ்டரும் இல்லாத அந்தக் காலத்தில் தொலைவுக்குப் பேச முடிந்தது இதனால்தான். திருகைத் திருப்பக் கொஞ்சம் பலம் போதும். வெளியே பாயும் தண்ணீரோ அதைவிடப் பெரிது. கரி மைக்கும் அப்படியே, வாய்க்காற்றின் பலத்தைவிடப் பெரிய மின் அலையை வெளியே தந்தது. ஆம்ப்ளிஃபயர் வருவதற்கு முன்பே அது ஓர் ஆம்ப்ளிஃபயர். அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியது எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரி. பெங்களூரில் 1948இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் செய்த டயல் போன்களும் இந்தக் கரி வில்லையோடு நம் வீடுகளுக்கு வந்தவைதான்.

ஆகவே வில்லைக்கு முதலில் சோறு போட வேண்டும். இரண்டு பென்டார்ச் செல்லைத் தொடராக வைத்தால் 3 வோல்ட். செல்லின் நேர்முனையிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அங்கிருந்து வில்லையின் ஒரு முனை. வில்லையின் மறுமுனை செல்லின் எதிர்முனைக்கு. வில்லையின் தடையும் 100 ஓம் அளவில் இருந்தால் 15 மில்லி ஆம்பியர் ஓடும். பேச அது போதும். ரெசிஸ்டரும் வில்லையும் சந்திக்கும் இடத்திலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாக இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு ஓர் ஒயர்; செல்லின் எதிர்முனையிலிருந்து அதன் கிரவுண்டுக்கு இன்னொன்று. கெபாசிட்டரின் நேர்முனை வில்லையைப் பார்த்து இருக்கட்டும். அது செல்லின் நேர்மின்சாரத்தைத் தடுத்துக் குரலின் அலையை மட்டும் விடும் வாயிற்காவலன். செல்லோடு ஒரு சுவிட்ச் கட்டாயம். அணைக்க மறந்தால் ஒரு வாரத்துக்குள் செல் தீர்ந்துவிடும். சுவிட்ச் போடும்போது 'டப்' என்று ஓர் அடி விழும் என்பதால் அதற்கு முன் கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில் இவ்வளவு சாமானும் கிடைத்துவிடும்.

கெபாசிட்டருக்குப் பதிலாகச் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது இன்னும் நல்ல வழி. பழைய போனுக்குள் இருந்த காயிலும் அந்த வகை வேலையைத்தான் செய்தது. மின்சாரத் தொடர்பு அறுந்து, காந்தத்தின் வழியாகக் குரல் மட்டும் அடுத்த பக்கம் போகும்; கணினியிலிருந்து வரும் ஹம்மும் பெரும்பாலும் அடங்கும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம்தான். எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட். இன்டர்ஃபேஸிலும் ஃபேண்டம் பவர் என்று 48 வோல்ட் பட்டன் இருக்கிறது. செல் எதற்கு, பட்டனை அழுத்தினால் போதாதா? போதாது. எண் ஒன்றுதான், ஏற்பாடு வேறு. எக்ஸ்சேஞ்ச் இரண்டு ஒயருக்கும் நடுவே 48 வோல்ட் வித்தியாசம் வைக்கிறது. அதனால் வில்லை வழியாக மின்சாரம் ஓடுகிறது. ஃபேண்டம் பவரோ குரல் போகும் இரண்டு ஒயரிலும் ஒரே 48 வோல்ட்டை, ஒவ்வொன்றிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஏற்றுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் நடுவே ஓட்டம் ஏது? வில்லைக்கு ஒன்றும் கிடைக்காது. சாதாரண மைக்குக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஒயரைத் தவறாகப் பற்றவைத்து ஒரு பக்கத்தைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஏழு மில்லி ஆம்பியர் அளவுக்கு நேர்மின்சாரம் மைக்கின் காயிலுக்குள் பாயும். காயிலோடு வேலை செய்யும் மைக்கில் அது குரலைக் கெடுக்கும். ரிப்பன் மைக்கில் ரிப்பனையே நாசமாக்கிவிடும். பழைய மைக் எதுவானாலும் முதல் முறை செருகும்போது ஃபேண்டம் பவர் அணைந்திருக்கட்டும். இந்த ஒரு விதியை மறக்காமல் இருந்தாலே பல மைக்குகள் பிழைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பரிசோதனைக்கென்று வேலை செய்யும் டெலிபோன் லைனில் கை வைக்க வேண்டாம். மணி அடிக்கும்போது அதில் வரும் மின்னழுத்தம் 48 வோல்ட்டைவிட அதிகம், கை உதறும்.

சோறு போட்டும் குரல் மங்கலாக இருக்கிறதா? ரிசீவரைக் கையில் தட்டிவிட்டுப் பேசுவார்களே பெரியவர்கள், அதைச் செய்யுங்கள். அது வெறும் பழக்கம் அல்ல. நாள்பட்டால் கரித்துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. கட்டியானால் அழுத்தத்துக்கு அசையாது. உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, வில்லையை இப்படியும் அப்படியும் உருட்டினால் துகள் உதிர்ந்து குரல் தெளியும்.

எல்லா மைக்கும் கரி அல்ல. கையில் கிடைத்தது என்ன வகை என்பதை மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை காட்டி, குலுக்கினால் எண் தாறுமாறாக ஆடினால் அது கரி. சில நூறு ஓமில் எண் நிலையாக நின்று, மீட்டர் முனையைத் தொட்டு எடுக்கும்போது மைக்குக்குள்ளிருந்து 'டிக்' என்று மெல்லிய ஒலி வந்தால் அது டைனமிக்; மீட்டரின் சிறு மின்சாரம் காயிலை அசைக்கிறது. எண்ணே வராமல் ஒயர் அறுந்ததுபோலக் காட்டினால் கிறிஸ்டலாக இருக்கலாம், உண்மையிலேயே அறுந்தும் இருக்கலாம்; ஒயரைச் சோதித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றிவைத்தால் எண்ணும் மாறுமானால் அது எலக்ட்ரெட். கை மைக்காக இருந்தால் பட்டனை அழுத்தியும் விட்டும் இரண்டு முறை அளக்க வேண்டும்.

டைனமிக் வகை நமக்கு அதிகம் கஷ்டம் தராது. காந்தத்துக்குள் காயில் அசைய, மின்சாரம் அதுவாகவே பிறக்கிறது. சோறு கேட்காத மைக். பிறகு ஏன் சத்தம் வரவில்லை? பெரும்பாலும் பட்டன்தான் காரணம். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்று அமைந்த மைக்கில், பட்டனை விட்டதும் குரல் போகும் வழியே துண்டிக்கப்படுகிறது. அதே பட்டன்தான் வயர்லெஸ் செட்டை அனுப்பும் நிலைக்கு மாற்றும் வேலையையும் செய்தது. அதற்கென்று வந்த ஒயர்கள் இப்போது அநாதை. மைக் காயிலின் இரண்டு முனைகளை மட்டும் தேடிப் பிடித்து, பட்டனைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டால் போதும். எந்த நிற ஒயர் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். எக்ஸ்எல்ஆர் பிளக்கில் ஒன்றாம் பின்னில் ஷீல்டு, இரண்டிலும் மூன்றிலும் காயிலின் இரு முனைகள். பழைய சுருள் ஒயரில் குரல் ஒயரைச் சுற்றி ஷீல்டு இல்லாவிட்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம் அதில் ஏறி உட்காரும். அழகுக்காக அதை வைத்துக்கொள்வதைவிட, இரண்டு கோர் ஷீல்டு கேபிளாக மாற்றுவது நல்லது.

கிறிஸ்டல் மைக்கின் குணம் நேர் எதிர். உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு. பிரான்சின் லா ரோஷெல் ஊரில் பியேர் செனியெட் என்ற மருந்துக்கடைக்காரர் 17ஆம் நூற்றாண்டில் செய்த உப்பு. அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். ஆனால் அதன் கையில் பலம் கிடையாது. மைக் இன்புட்டின் இரண்டாயிரம் ஓமில் செருகினால் அடிநாதம் எல்லாம் வடிந்துபோய்க் கொசுக்குரல்தான் மிஞ்சும். கிடார் செருகும் ஹை-இசட் இன்புட்டில், பத்து லட்சம் ஓம் அளவில், கொடுத்துப் பாருங்கள். குரல் நிறைந்து வரும். அது கேட்பது சோறு அல்ல, தன்னைப் பிடித்து இழுக்காத இடம். வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. 55 டிகிரி சூட்டிலேயே உப்பு கெட்டுவிடும் என்பதால் மே மாத வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகக்கூடாது. உப்பே கெட்டுவிட்ட மைக்குக்கு மட்டும் பரிகாரம் இல்லை.

எலக்ட்ரெட் நமக்கு அன்றாடம் பழக்கமானது. பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962இல் உருவாக்கியது. பின்னால் வந்த பட்டன் போன்களிலிருந்து கைபேசி வரை அதன் வம்சம் பரவியது. சில வோல்ட்டும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும். கணினியின் சிறிய மைக் துளை அதைத் தானே கொடுத்துவிடும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இவ்வளவும் செய்து முடித்தால் நல்ல குரல் கிடைக்குமா? கிடைக்காது, அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. டெலிபோன் கொண்டுசெல்வது 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான். ஆண் பேசும் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம். அதாவது அது டெலிபோனில் ஏறுவதே இல்லை. ஆனாலும் அப்பா பேசுகிறார் என்று தெரிந்தது எப்படி? மேலே வரும் கிளை அதிர்வுகளைக் கேட்டே மூளை அடிநாதத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. போனில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது 'எஸ்' எது 'எஃப்' எது என்று குழம்பியதும் இதனால்தான். அவற்றைப் பிரித்துக் காட்டும் சீறல் 3400க்கும் மேலே இருக்கிறது. பேச்சின் பொருளைக் காப்பாற்றத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழற்றிவிட்ட ஏற்பாடு இது. அப்படி வடிகட்டியது அவர்கள் திறமை. பலரும் அதைக் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆகவே தம்புராவின் மினுமினுப்பையும் மிருதங்கத்தின் தொப்பி நாதத்தையும் இதில் பதியப் போனால் பழி நம்மேல்தான். ஈக்வலைசரில் மேலும் கீழும் ஏற்றிப் பார்ப்பதும் வீண். பிடிக்கவே படாத ஒலியை எந்தக் குமிழும் திருப்பித் தராது, அப்பளம் பொரிவதுபோன்ற கரியின் இரைச்சல்தான் கூடும். எட்ட நின்று பேசுவதும் கூடாது. இந்த மைக்குகள் உதட்டோரம் வைத்துப் பேசப் பிறந்தவை. சில வயர்லெஸ் மைக்குகளின் பின்பக்கம் சிறு துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் முன்னும் பின்னும் ஒருசேரத் தட்டித் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைத்த வழி அது. தூசி போகிறதே என்று டேப் ஒட்டி அடைத்தால், சுற்றுப்புற இரைச்சலை நாமே உள்ளே அழைத்தவர்கள் ஆவோம்.

அப்படியென்றால் நல்ல மைக்கில் பதிந்துவிட்டு, மென்பொருளில் 300க்குக் கீழும் 3400க்கு மேலும் வெட்டினால் போயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. ஒலியின் எல்லையை அப்படி வெட்டிவிடலாம். ஆனால் கரி மைக் வெட்டுவதோடு நிற்பதில்லை, சேர்க்கவும் செய்கிறது. அழுத்தம் இரண்டு மடங்கு ஆனால் மின்சாரமும் சரியாக இரண்டு மடங்கு கூடும் என்ற ஒழுங்கு கரிக்கு இல்லை. அழுத்தும்போது ஒரு விதமாகவும் தளரும்போது வேறு விதமாகவும் வளைவதால், குரலில் இல்லாத புது அதிர்வுகள் பிறக்கின்றன. உரத்துப் பேசினால் அந்தக் கரகரப்பு கூடும், தணிந்து பேசினால் குறையும். பேசுபவரின் மூச்சுக்கும் கோபத்துக்கும் தக்கபடி அது மாறுவதால்தான் காதுக்கு உயிருள்ளதாகத் தோன்றுகிறது.

குறை என்று ஒதுக்கப்பட்டது கலைக்கு உதவியதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் ஷ்யூர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த 520 மாடல் மைக் அறிவிப்புகளுக்கும் தகவல் தொடர்புக்கும் ஆனது. பிறகு ஹார்மோனிகா வாசிப்பவர்கள் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வாத்தியத்தோடு சேர்த்துப் பொத்திப் பிடித்து, கிடார் ஆம்ப்ளிஃபயரில் விட்டு ஊதினார்கள். எளிய மைக்கையும் சிறு ஆம்ப்ளிஃபயரையும் வைத்து லிட்டில் வால்டர் அந்த முரட்டு நாதத்தைப் புளூஸ் இசையின் அடையாளமாக்கினார். அவருடைய 'ஜூக்' 1952இல் சிகாகோவில் பதிவானது. அவர்கள் அந்த மைக்குகளைத் திருத்தப் பார்க்கவில்லை. அவற்றுக்கு எது வருமோ அதைக் கேட்டு வாங்கினார்கள்.

நம் வேலையிலும் அந்த அணுகுமுறையே பொருந்தும். நாடகத்தில் டெலிபோன் மறுமுனையில் பேசும் பாத்திரம், பாட்டின் நடுவே திடீரென்று தொலைவுக்குப் போகும் ஒரு வரி, பழைய செய்தி அறிவிப்புபோல ஒலிக்க வேண்டிய ஒரு குரல்: கரி வில்லை இங்கே கேட்காமலே நடித்துக் கொடுக்கும். வில்லையை எறிந்துவிட்டு அந்தக் கூட்டுக்குள் புது எலக்ட்ரெட் பொருத்துவதும் பலர் செய்வது. தவறில்லை, ஆனால் அது பழைய மைக்கைப் பழக்குவது அல்ல, பழைய சட்டையைப் புது ஆளுக்குப் போடுவது. அப்படிச் செய்வதாக இருந்தால் வில்லையை மட்டும் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

பதியும்போது கரி மைக்கை மட்டும் நம்பிப் பதியவும் வேண்டாம். நல்ல மைக் ஒன்றை ஒரு சாண் தள்ளி வைத்து, ரிசீவரை வாயருகே பிடித்து, இரண்டையும் தனித்தனித் தடங்களில் ஒரே நேரத்தில் பதியுங்கள். பிறகு எதை எவ்வளவு கலப்பது என்பது நம் கையில். கரகரப்பு பிடிக்காவிட்டால் அந்தத் தடத்தை மூடிவிடலாம். குரல் முழுதாக இன்னொரு தடத்தில் இருக்கிறது. வில்லையில் மட்டும் பதிந்திருந்தால், அது விட்டுவிட்டதை எங்கே போய்த் தேடுவது?

முதலில் பார்த்த அந்த மனிதர் குப்பைத் தொட்டியிலிருந்து வில்லையை எடுத்துவந்து இரண்டு செல்லும் ஒரு ரெசிஸ்டரும் கொடுத்தால் திரையில் கோடு எழும். ஹெட்ஃபோனில் கேட்டால் அவர் குரல் பழைய டிரங்க் காலில் வெளியூரிலிருந்து பேசுவதுபோல இருக்கும். ஈக்வலைசரைத் தொடாமல் கொஞ்ச நேரம் அப்படியே கேட்கட்டும். அந்த மைக் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது.